கிளாடியஸ் காசில் சிறகோடு நிற்கும் பெண் யார்?

கேள்வி இதுதான்: கிளாடியஸ் பெயர் பொறித்த ஒரு ரோமானியத் தங்கக் காசின் பின்பக்கத்தில் சிறகு முளைத்த ஒரு பெண், அவள் காலுக்கு முன்னால் ஒரு பாம்பு. இது கிறிஸ்தவ தேவதூதரா? இல்லையென்றால் எந்தத் தெய்வம்? ரோமர்கள் தங்கக் காசில் ஏன் இத்தனை பெண்களைப் போட்டார்கள்?

தேவதூதர் இல்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. ரோமத் தங்கக் காசில் தேவதூதர் வந்து நிற்க அதற்குப் பிறகு ஏறக்குறைய 470 வருஷம் ஆனது. ஆனால் கேட்டவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை, ஏனென்றால் பின்னாளில் வந்த அந்தத் தேவதூதர் இவளுடைய உறவுக்காரர்தான். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் இந்தக் காசை உற்றுப் பார்ப்போம்.

காசின் பெயர் அவ்ரெயுஸ், லத்தீனில் ‘பொன்னாலானது’ என்று பொருள். விட்டம் 2 சென்டிமீட்டருக்குள், எடை சுமார் 7.7 கிராம், நம் கணக்கில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல். அந்தச் சின்ன வட்டத்தில் தலைப்பக்கம் கிளாடியஸின் முகம். பூப்பக்கம் வலதுபக்கம் பார்த்து நடக்கிற சிறகுப் பெண், சுற்றிலும் ‘பாக்கி அவ்குஸ்தாய்’ என்று எழுத்து. ‘பேரரசின் அமைதிக்கு’ என்று சொல்லலாம். ஆக இவள் பாக்ஸ், அமைதித் தேவி. பெயரைக் காசே சொல்லிவிடுகிறது. ஆனால் அவள் வைத்திருக்கிற சாமான்கள் எல்லாம் அவளுடையவை இல்லை, வேடிக்கையே அங்கேதான்.

இடது கையில் இரண்டு பாம்பு பின்னிய ஒரு கோல். அது தூதுவர்களின் கோல், சமாதானம் பேசப் போகிறவன் எடுத்துப் போவது. அதனால் அது பாக்ஸுக்கே உரியது. சிறகு? அது விக்டோரியாவுடையது, வெற்றித் தேவியுடையது. தரையில் ஊரும் பாம்பு சாலுஸ் என்கிற நலத் தேவியின் துணை; வேறு காசுகளில் சாலுஸ் ஒரு கிண்ணத்தில் பாம்புக்கு உணவு வைத்துக்கொண்டிருப்பாள். வலது கை இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே ஆடையின் மடிப்பை விரலால் லேசாக இழுத்துப் பிடித்திருக்கிறாள். இது நெமெசிஸின் சைகை. அளவுக்கு மீறி ஆடுகிறவனைத் தட்டி வைக்கிற தெய்வம் நெமெசிஸ். கிரேக்கர்களும் ரோமர்களும் தற்பெருமையாக ஏதாவது சொல்லிவிட்டால், அல்லது கண்பட்டுவிடும் என்று பயந்தால், தங்கள் மார்புத் துணியை விலக்கி அதற்குள் துப்பிக்கொள்வார்கள். நம் வீட்டுக் கிழவி குழந்தையைக் கொஞ்சிவிட்டு ‘கண்ணு பட்டுடப் போவுது’ என்று த்தூ த்தூ என்பாளே, அதே சமாச்சாரம். 2 சென்டிமீட்டர் தங்கத்தில் ஒரு தேவி திருஷ்டி கழித்துக்கொண்டிருக்கிறாள்!

கிளாடியஸுக்கு இந்தப் படம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், அவர் பதவிக்கு வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 41 ஜனவரியில் அப்போதைய பேரரசர் கலிகுலாவை அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த சித்தப்பா கிளாடியஸை மெய்க்காவல் படை இழுத்து வந்து பேரரசராக்கியது. அதற்குக் கைம்மாறாக அவர் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஒரு தங்கக் காசு 100 செஸ்டர்ஸ். அப்படியானால் ஆளுக்கு 150 தங்கக் காசு. சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 9 தங்கக் காசுதான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். இப்படி வந்தவர் அடித்த காசில் அமைதி, வெற்றி, நலம், அதோடு ‘நான் முந்தைய ஆள் மாதிரி தலைகால் தெரியாமல் ஆட மாட்டேன்’ என்கிற அடக்கம், நான்கையும் ஒரே பெண்ணின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். வடிவமைத்தவன் கெட்டிக்காரன்.

சரி, ஏன் பெண்கள்? பாதிக் காரணம் இலக்கணம். லத்தீனில் பாக்ஸ், விக்டோரியா, கான்கார்தியா (ஒற்றுமை), பியெதாஸ் (பெரியோரிடமும் தெய்வத்திடமும் காட்டும் கடமையுணர்வு), ஸ்பெஸ் (நம்பிக்கை) என்று குணங்களைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பெண்பால். உருவம் கொடுக்க உட்கார்ந்தால் பெண்ணாகத்தான் வரும். போர்க்களத்து வீரத்தைக் குறிக்கும் விர்துஸ் என்கிற சொல்லே ‘ஆண்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆனாலும் இலக்கணப்படி அது பெண்பால் என்பதால் தலைக்கவசமும் ஈட்டியுமாக ஒரு பெண்ணாகவே அவளைச் செதுக்கினார்கள். தமிழில் வெற்றியும் அமைதியும் அஃறிணை, ஆனாலும் நாம் நிலமகள், கலைமகள், திருமகள் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே, நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இன்னொரு பாதி, இவை வெறும் உருவகங்கள் அல்ல. இவர்களுக்குக் கோயில் இருந்தது. சாலுஸுக்கு கி.மு. 302லேயே ரோமில் கோயில் கட்டிவிட்டார்கள், கான்கார்தியாவுக்கு நகரின் நடுமன்றத்திலேயே ஒன்று, அமைதிக்கு அகஸ்டஸ் காலத்துப் பலிபீடம் கி.மு. 9இல் அர்ப்பணிக்கப்பட்டது, இன்றும் ரோமில் போய்ப் பார்க்கலாம். அதனால் ‘இது சின்னமா, சாமியா?’ என்று கேட்டால் ரோமர்களுக்கு அந்தக் கேள்வியே புரிந்திருக்காது.

அடையாளம் காண்பது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், எல்லா முகமும் ஒன்றுதான். கையைப் பாருங்கள். நம் கோயில் சிற்பத்தில் வேல் இருந்தால் முருகன், சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள் என்று சொல்கிறோமே, அதே முறைதான். சுக்கானும் வளக்கொம்பும் வைத்திருந்தால் ஃபோர்துனா, அதிர்ஷ்டத் தேவி. வாழ்க்கைக் கப்பலை இஷ்டத்துக்குத் திருப்புகிறவள். வளக்கொம்பு என்றால் பழமும் கதிரும் நிரம்பி வழிகிற ஆட்டுக்கொம்பு. அதே கொம்போடு தராசு இருந்தால் அக்விதாஸ், நேர்மையான அளவை. கதிரும் தீப்பந்தமும் சேரெஸ், தானியத் தேவி. பாவாடை நுனியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையில் மொட்டு ஒன்றைப் பிடித்து நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்தவள் இவள்தான், சேற்றில் கால் வைக்காமல் போகிற பெண் மாதிரியே இருப்பாள். காலடியில் மயில் என்றால் ஜூனோ, தேவர்களின் அரசி. கையில் ஆப்பிள் என்றால் வீனஸ், காதல் தேவி. நாடுகளையும் இதே பாணியில் பெண்களாக்கினார்கள்: ஹாட்ரியன் தான் சுற்றிய மாகாணங்களைக் காசில் வரிசையாகப் போட்டபோது ஆப்பிரிக்கா யானைத்தலையைத் தொப்பியாக அணிந்த பெண், ஸ்பெயின் ஒலிவக் கிளையும் முயலும் உள்ள பெண், எகிப்து பக்கத்தில் ஐபிஸ் பறவையோடு சாய்ந்திருக்கும் பெண்.

ஜூனோ என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. ரோமின் காசடிக்கும் சாலை கேபிடோல் குன்றில் ஜூனோ மொனெத்தா கோயிலை ஒட்டி இருந்தது. அந்த மொனெத்தாவிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘மணி’யும் வந்தது, ‘மின்ட்’டும் வந்தது. சென்னையில் தங்கசாலைத் தெருவை மின்ட் தெரு என்று சொல்லி பஸ் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு ரோமத் தேவியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடையாளம் தெரிந்த பிறகுதான் சுவாரசியமான கேள்வி வருகிறது: இந்த ஆண்டு இந்தத் தேவி ஏன்? என் அனுபவத்தில், காசு எதைச் சத்தமாகச் சொல்கிறதோ அது அப்போது ஊரில் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். 69ஆம் ஆண்டைப் பாருங்கள், ஒரே வருஷத்தில் நான்கு பேரரசர்கள். அதில் ஓத்தோ என்பவர் ஜனவரி நடுவில் ஏறி ஏப்ரல் நடுவில் தற்கொலை செய்துகொண்டார். மூன்று மாதம். அவர் தங்கக் காசில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘உலகம் முழுதும் அமைதி’. பாக்ஸ் நிற்கிறாள், கையில் கிளையோடு, அதே கோலோடு. அந்தப் பக்கம் வடக்கிலிருந்து, பதவிக்குப் போட்டியிட்ட விதெல்லியஸின் படை இறங்கி வந்துகொண்டிருக்கிறது.

64இல் ரோம் எரிந்தது, அடுப்புத் தேவி வெஸ்தாவின் வட்டக் கோயிலும் போயிற்று. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் நீரோவின் தங்கக் காசில் அந்த வட்டக் கோயில், உள்ளே வெஸ்தா உட்கார்ந்திருக்கிறாள். அதே நீரோ அந்த 64 வாக்கில் தங்கக் காசின் எடையையும் குறைத்தார் என்பதைக் காசு சொல்லாது, தராசுதான் சொல்லும். சீசர் காலத்தில் ஒரு ரோம ராத்தல் தங்கத்தில் 40 காசு, நீரோ 45 ஆக்கினார், கரக்கல்லா 50, டயோக்ளீஷியன் 60. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து கடைசியில் வெள்ளிப் பூச்சு மட்டும் மிஞ்சிய காலத்திலும் தங்கத்தில் அந்த அளவுக்குக் கை வைக்கவில்லை, எடையைத்தான் சுருக்கினார்கள். கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். அதனால்தான் 2,000 வருஷம் மண்ணில் கிடந்தும் பாக்ஸின் துணி மடிப்பு இன்றைக்கும் தெரிகிறது.

அரசிகள் வந்ததும் விஷயம் இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் அங்கே தேவி எது, பெண் எது என்று பிரிப்பது கஷ்டம். திபெரியஸ் 23 வருஷம் ஆண்டார், அவர் தங்கக் காசில் அதிகம் அடித்தது ஒரே படத்தைத்தான்: நாற்காலியில் உட்கார்ந்த பெண், ஒரு கையில் செங்கோல், மறுகையில் கிளை. பெயர் எழுதவில்லை. பாக்ஸ் என்பார் சிலர், திபெரியஸின் அம்மா லிவியா என்பார் சிலர், இரண்டும் சேர்ந்துதான் என்பார் பலர். எனக்கு மூன்றாவது கட்சி. மூத்த ஃபாஸ்தினா 140 வாக்கில் இறந்தார். கணவர் அன்தோனினஸ் பியஸ் அதற்குப் பிறகு 20 வருஷம் உயிரோடு இருந்தார், செத்துப்போன மனைவியின் முகத்தைக் காசில் அடித்துக்கொண்டே இருந்தார். பூப்பக்கம் சேரெஸ், பியெதாஸ், நித்தியத்தின் தேவி எதெர்னிதாஸ். பேரரசர் செப்திமியஸ் செவெருஸின் மனைவி ஜூலியா தோம்னாவின் ஆரம்பகாலக் காசில் வெற்றி தரும் வீனஸ் நமக்கு முதுகைக் காட்டி ஒரு தூணில் சாய்ந்து நிற்பாள், ஆடை இடுப்புக்குக் கீழே நழுவியிருக்கும், கையில் ஆப்பிள். உலகத்தையே ஆளும் குடும்பத்தின் தலைவிக்கு இந்தப் படத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ, தைரியசாலி.

மனசைப் பிசைகிற காசு ஃபாஸ்தாவுடையது. கான்ஸ்டன்டைனின் மனைவி. 324க்குப் பிறகு அடித்த தங்கக் காசில் அவள் இரண்டு குழந்தைகளை மார்போடு அணைத்து நிற்கிறாள், ஒரு வகையில் ‘நாட்டின் நலம்’ என்றும் இன்னொன்றில் ‘நாட்டின் நம்பிக்கை’ என்றும் எழுத்து. சாலுஸ், ஸ்பெஸ், ஃபாஸ்தா, மூவரும் ஒரே உருவம். 326இல் கான்ஸ்டன்டைன் தன் மூத்த மகன் கிறிஸ்பஸைக் கொல்லச் செய்தார், அடுத்து ஃபாஸ்தாவையும்.

இந்தக் காசுகள் நம் பக்கம் வந்த கதை பலருக்கும் தெரியும் என்பதால் வேகமாகச் சொல்கிறேன். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக ரோமப் பொன் கடல் தாண்டி வந்தது. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி புலம்பியிருக்கிறார். தங்கக் காசாகக் கணக்குப் போட்டால் 5 லட்சம் காசு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் மட்டும் 501 தங்கக் காசு, அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரை. அவற்றில் பெரும்பாலானவற்றில் உளியால் ஒரு வெட்டு, அதுவும் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே. காசாகப் புழங்கக் கூடாது, வெறும் பொன்னாக நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதற்கான வெட்டு என்கிறார்கள் பலர். எதற்காக இருந்தாலும் அடி வாங்கியது அரசர். பூப்பக்கத்துப் பெண் தப்பித்துக்கொண்டாள். தென்னிந்தியாவில் கிடைத்த பிற்காலக் காசுகள் சிலவற்றில் தலைக்கு மேலே இரண்டு துளை, நூல் கோத்துக் கழுத்தில் போட. அப்படித் தொங்கும்போது வெளியே தெரிவது ரோம அரசர், நெஞ்சைப் பார்த்திருப்பது தேவி. நம் காசுமாலையில் வெளியே தெரிவது லட்சுமி.

லட்சுமி என்றதும், வடக்கே இன்னொரு வழி போகிறது. குஷாணர்கள் தங்கக் காசு அடிக்கத் தொடங்கியபோது எடையை ரோமக் காசுக்கு அருகே, 8 கிராம் வாக்கில் வைத்தார்கள். அவர்கள் காசில் அர்தோக்‌ஷோ என்றொரு தேவி வருவாள், கையில் அதே வளக்கொம்பு. குப்தர்கள் அவளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: சமுத்திரகுப்தர் காசில் அரியணையில் கொம்போடு உட்கார்ந்திருப்பவள், இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தில் தாமரைமேல் தாமரையோடு லட்சுமியாகிவிடுகிறாள். குப்தர் கல்வெட்டுகளில் அந்தக் காசின் பெயர் தீனாரம். ரோம வெள்ளிக்காசான தெனாரியஸின் பெயர்தான் அது.

இனி தேவதூதர்.

அகஸ்டஸ் கி.மு. 29இல் ரோம ஆட்சிமன்றத்துக்குள் விக்டோரியாவின் சிலை ஒன்றை வைத்தார், தெற்கு இத்தாலியின் தாரந்தம் ஊரிலிருந்து வந்த சிலை. அவளுக்கு முன்னால் பலிபீடம். உறுப்பினர்கள் சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். உலக உருண்டைமேல் கால் வைத்து, மாலையை நீட்டி நிற்கிற அந்த உருவம் அடுத்த பல நூற்றாண்டுகள் காசில் இறங்கவே இல்லை. பேரரசர்கள் கிறிஸ்தவர்களானதும் சிக்கல். 357இல் கான்ஸ்தான்தியஸ் பலிபீடத்தை எடுக்கச் சொன்னார், ஜூலியன் திரும்ப வைத்தார், 382இல் கிராஷியன் மறுபடி எடுத்தார். 384இல் ரோமின் நகரத் தலைவர் சிம்மாக்குஸ், எங்கள் தேவியின் பலிபீடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனு எழுதினார். மிலான் ஆயர் அம்புரோஸ் குறுக்கே நின்று தடுத்துவிட்டார்.

ஆனால் காசில்? அதே ஆண்டுகளில் அதே அரசர்களின் தங்கக் காசில் விக்டோரியா சிறகோடு ஜம்மென்று இருக்கிறாள்! ஜூனோ போயாயிற்று, வீனஸ் போயாயிற்று, சேரெஸ் போயாயிற்று. இவள் மட்டும் போகவில்லை. வெற்றி வேண்டாம் என்று எந்த அரசனும் சொல்ல மாட்டானே. அதனால் அவளை வெளியே தள்ளுவதற்குப் பதிலாகக் கையில் இருந்த சாமானை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். காசும் இப்போது வேறு: கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சொலிடுஸ், ராத்தலுக்கு 72, எடை 4.5 கிராம், அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். முன்பெல்லாம் விக்டோரியா கேடயத்தில் அரசரின் ஆட்சியாண்டு வேண்டுதல்களை எழுதிக்கொண்டிருப்பாள். 383 வாக்கில் தியோடோசியஸின் மனைவி ஃபிளாக்கில்லாவின் காசில் அதே மாதிரி உட்கார்ந்து அதே கேடயத்தில் எழுதுகிறாள், எழுதுவது கிறிஸ்துவின் பெயர்க்குறி. 420களில் அவள் கையில் தன் உயரத்துக்கு ஒரு நீண்ட சிலுவை. சிலுவை பிடித்த வெற்றித் தேவி, நூறு வருஷம் இப்படியே ஓடியது.

519 வாக்கில் முதலாம் ஜஸ்டின் காலத்தில்தான் பக்கவாட்டில் பார்த்து நின்றவள் நேராக நம்மைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு கையில் நீண்ட சிலுவை, மறு கையில் சிலுவை வைத்த உருண்டை. எழுத்து மாறவில்லை, ‘அரசர்களின் வெற்றி’ என்றே இருக்கிறது. சிறகு மாறவில்லை. அவசரமாகப் பார்த்தால் அதே ஆள் என்றுதான் தோன்றும். கச்சையைப் பாருங்கள். விக்டோரியாவுக்கு மார்புக்குக் கீழே உயரத்தில் கட்டியிருக்கும், பெண்கள் கட்டுவது போல. ஜஸ்டினின் காசில் அது இடுப்புக்கு இறங்கியிருக்கிறது, ஆண்கள் கட்டுவது போல. அங்கே நிற்பவர்தான் தேவதூதர்.

உங்கள் கிளாடியஸ் காசில் கச்சை வரைக்கும் போக வேண்டியதில்லை, கழுத்தருகே அந்த விரல்களைப் பார்த்தாலே போதும்.